இறக்கை இல்லாத விமானம்

விமானம் மூக்குக் குப்புற மண்ணில் விழுந்தபோது நான் பார்த்தது விமானத்தை அல்ல, கிளாட்வினை. எல்லோரும் ஐயோ என்று ஓட, அவன் மட்டும் நின்ற இடத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்போதே என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் பத்தொன்பது வருடமாக நான் லேப் டெக்னீஷியன். கிளாட்வின் சித்தூர்க்காரன், போன வருடம் ஒப்பந்தத்தில் சேர்ந்த இன்ஜினியர். கையால் வீசிப் பறக்கவிடும் அந்த ஆளில்லா விமானம் அவன் வடிவமைத்தது. இறக்கைக்குப் பதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை உருளைகள், அவற்றைச் சுழற்றத் தனித்தனி மோட்டார். விமானம் முன்னே போகும்போது உருளையின் மேல்பக்கம் பின்னோக்கிச் சுழன்றால் காற்று அதைத் தூக்கும். சுழற்றிப் போட்ட கிரிக்கெட் பந்து காற்றிலேயே வளைகிறதே, அதே சமாச்சாரம். பறந்தால் அவனுக்கு வேலை நிரந்தரம். விழுந்தால் மாதக் கடைசியில் வீடு.

சொந்த விமானத்தை எவனாவது கெடுப்பானா? கெடுப்பான். பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து அவனுக்கு ஓயாமல் போன் வரும். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்ப் பேசுவான். இங்கே விழவைத்துவிட்டு அங்கே போய்ப் பறக்கவிடப் போகிறான் என்று நினைத்தேன். பறக்கவிடுவதற்கு முந்தின நாள், ஆயுத பூஜையன்று, நாங்களெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் பொரியும் சுண்டலுமாக இருக்க, அவன் லேபில் தனியாக இருந்தான். சர்ச்சுக்குப் போகிறவன் பூஜைக்கு வராததில் எனக்கொன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். இருந்தது.

துறைத்தலைவர் ஸ்ரீதேவி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கடைசியா யாரு அதைத் தொட்டது? நிஜம் செப்பு, வரதராஜன்.”

“பூஜ அன்னிக்கு அவரு மட்டும் உள்ள இருந்துக்கினு இருந்தாரு மேடம். அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

மேலே எதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுநாளே அவனிடமிருந்து லேப் சாவியை வாங்கிவிட்டார்கள்.

உடைந்ததைப் பிரித்து வைக்கும் வேலை எனக்கு வந்தது. இடது பக்க உருளையை மோட்டாரோடு கழற்றினேன். உள்விளிம்பில், கிளாட்வின் கையெழுத்தில், ‘ரைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அதை இன்னொரு தரம் படித்தேன். பூஜைக்கு முந்தின நாள் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப மாட்டுவது வருடாவருடம் என் வேலை. இரண்டு உருளையும் ஒரே மாதிரிதானே என்று மோட்டாரோடு சேர்த்துக் கைக்கு வந்த பக்கம் மாட்டியிருந்தேன். பக்கம் மாறினால் சுழற்சியும் எதிராக மாறும். தூக்க வேண்டிய காற்று கீழே அமுக்கியிருக்கிறது. அந்த வேகத்தில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று யார் கண்ணுக்கும் தெரியாது.

தன் புத்தகங்களை எடுக்க கிளாட்வின் உள்ளே வந்தான்.

“நான்தான் ஒயர மாத்திக் குட்த்துட்டனோ இன்னாவோண்ணா. பெங்களூர்ல வா வான்னு கூப்டுக்கினே இருந்தாங்க. இது பறக்காம வரமாட்டேன்னுட்டேன். இப்ப அந்த எடமும் போயிடுச்சி.” கையை நீட்டினான். “அதக் குடுங்க, ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்.”

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பத்தொன்பது வருட வேலை போய்விடும். உருளையை நீட்டினேன். என் கட்டைவிரல் அந்த எழுத்தின் மேல் இருந்தது. அவன் மறுமுனையைப் பிடித்து மெல்ல இழுத்தான். நான் விடவில்லை.