பொட்டலத்துக்குக் காவல்

கட்டைவிரல் நகத்தளவு கஞ்சா. இத்தனை கூத்தும் அதற்காகத்தான்.

கோவிந்தம்மாளின் புருஷன் குப்பன் பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவன். யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று குப்பத்தார் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. குலுக்குவதற்கு முன் கரை முனீஸ்வரனுக்குச் சுருட்டும் ஒரு சிட்டிகை கஞ்சாவும் படைப்பது வழக்கம். எழுபத்திரண்டாம் வருஷம் படைத்தவன் குப்பன். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அன்றைக்குப் பார்த்துத்தானா ஜீப்பில் வந்து இறங்க வேண்டும்?

"யாருதுடா இது?"

வேறு எவனாயிருந்தாலும் தெரியாது என்று நழுவியிருப்பான். படைத்தவனே படையலை மறுத்தால் முனீஸ்வரன் அவன் வீட்டுப் பாடு முறையைப் பிடுங்கிக்கொள்வார் என்பது குப்பத்து நம்பிக்கை. "என்னுதுதான் சார். என் கையால வெச்சது" என்றான் குப்பன். கேசு அங்கேயே முடிந்துவிட்டது. கோர்ட்டுக்குத்தான் அது தெரியவில்லை.

பொட்டலத்துக்கு அரக்கு முத்திரை வைத்து மதராசுக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது கஞ்சாதான் என்று சர்க்கார் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. குப்பனைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான், பாவி. ஜாமீன் நிற்க ஆளில்லாமல் சப்ஜெயிலில் கிடந்தான். வாய்தாவுக்கு வாய்தா, ஸ்டேஷனில் இருந்த இரண்டே கான்ஸ்டபிள்களும் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு டவுன் கோர்ட்டுக்குப் பஸ் ஏறினார்கள். ஊர்ப்பணம்தானே, யாருக்கு வலிக்கும்?

குப்பன் வீட்டுக்குப் பாடு வரும் நாள் நெருங்கியது. சாமியே ஜெயிலுக்கு அனுப்பிய வீட்டுக்குப் பாடு ஏது, அது எங்களுக்குத்தான் என்று பக்கத்துக் குப்பத்தார் கிளம்பினார்கள். அன்று வலை போடாவிட்டால் முறை கைவிட்டுப் போகும். போட்டால் அடிதடி. இப்படித் தகராறு வந்தால் எப்போதும் அந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் கரையில் வந்து நிற்பார்கள். காக்கிச் சட்டையைக் கண்டால் ஓங்கின துடுப்பும் இறங்கிவிடும். பாட்டுக்கு முதல் நாளே கோவிந்தம்மாள் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"நாளைக்கு உன் ஊட்டுக்காரன் வாய்தாம்மா" என்றார் கான்ஸ்டபிள் பூவராகவன். "நாங்க ரெண்டு பேரும் சாட்சி. போவலைன்னா எங்க மேலயே வாரண்டு."

"ஒருத்தராச்சும் நில்லுங்க சார். என் புள்ள தனியா எறங்கப் போறான்."

"பொட்டலத்த ஒருத்தனா எடுத்துக்கினு போவக் கூடாது. ரூலு."

வீட்டில் மகன் திருமலையின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "நாளைக்கு உட்டா பாடு போச்சுமா" என்றான் அவன். "நைனா வெளிய வந்து இன்னா பண்ணும்?" சொன்னபடியே காலையில் வலையோடு இறங்கினான்.

உச்சி வெயிலில் அவனைச் சேற்றங்கரையில் கொண்டுவந்து போட்டார்கள். துடுப்படி மண்டையைப் பிளந்திருந்தது. போலீஸ் வந்து பார்க்கும்வரை பிணத்தை யாரும் தொடக்கூடாது என்று கிராம முன்சீப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். கோவிந்தம்மாள் வேப்பங்கொம்பை ஒடித்து வைத்துக்கொண்டு நண்டையும் நாயையும் விரட்டினாள். பெற்ற பிள்ளையின் முகத்தில் மொய்க்கும் ஈயை விரட்டுகிற கதி எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

பொழுது சாயும் நேரத்தில் பூவராகவனும் இன்னொரு கான்ஸ்டபிளும் பொட்டலப் பையோடு வந்தார்கள். பூவராகவன் குல்லாவைக் கழற்றினார்.

"கேசு முடிஞ்சுதா சார்?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

"மேஜிஸ்ட்ரேட்டு லீவும்மா. வாய்தா தள்ளிப் போட்டுட்டாங்க."

கோவிந்தம்மாள் வேப்பங்கொம்பைக் கீழே போட்டாள். "பெத்தவனாச்சும் வந்து மண்ணு தள்ளட்டும். அவர கூட்டியாங்க சார், உங்க கால்ல உழறேன்."

பூவராகவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஜெயில்ல இருந்து கூட்டியாரணும்னா ரெண்டு பேரு காவல் வேணும். ஒருத்தர் பொணத்தோட ஆஸ்பத்திரிக்குப் போவணும். இன்னொருத்தர் பொட்டலத்த ஸ்டேஷன்ல வெச்சிட்டு அங்கியே காவல் இருக்கணும். வேற ஆளு இல்லம்மா."

மறுநாள் திருமலையின் குழியில் கோவிந்தம்மாளே மண் தள்ளினாள். அந்த நேரத்தில் பூவராகவன் ஸ்டேஷனில் பொட்டலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.