மச்சானின் பரிசோதனைத் தட்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பூச்சிமருந்துக் கடைக்காரர் தம் தங்கை வீட்டுக் கூடத்தில், தங்கையின் பட்டுப்புழுக்களைக் கொண்டு, மனிதகுலம் மறக்க முடியாத ஓர் ஆய்வை அன்று மாலை தொடங்கிவைத்தார். மனிதகுலத்தின் சார்பில் தங்கையும் அவள் கணவரும் வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன, அகோரப் பசி. மல்பெரித் தோட்டத்தில் மருந்து படாத பாதியின் இலை அன்று இரவுத் தீனியோடு தீர்ந்துவிடும். மறுபாதிக்கு மாப்பிள்ளை மருந்து அடித்திருந்தார், மச்சான் கடை மருந்து. அடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் இலை பறிக்க வேண்டும் என்று புட்டியில் அச்சிட்டிருந்தது. அதில் பாதிகூட ஆகவில்லை. அந்த இலையைப் போட்டு ஏதாவது ஆனால், இத்தனை நாள் பாடும் ஒரே வேளையில் போய்விடும்.

கடைக்காரர் சிரித்தார். புட்டியில் எழுதுகிறவன் பயந்தாங்கொள்ளி என்றார். தம் மருந்து பூச்சிக்கு எமன், பட்டுப்புழுவுக்குத் தாய்ப்பால் என்றார். இரண்டும் ஒரே இனம்தானே மச்சான் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, விவரம் தெரிந்தவர்கள் முன்னால் அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று கண்டித்தார்.

எதற்கும் முதலில் நாலு புழுவுக்குப் போட்டுப் பார்க்கலாமே என்றாள் தங்கை. அந்த நிமிடமே அது கடைக்காரரின் யோசனையாகிவிட்டது.

புழு அறைக்குள் நுழையுமுன் குளித்துவிட்டு வரச் சொன்னாள். கடை வாசனையே புழுவுக்கு ஆகாதாம். தாய்ப்பால் விற்பவர் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, மாப்பிள்ளையின் பழைய சட்டைக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு வந்தார்.

இலை எப்போது வரும் என்று புழுக்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டைத் தங்கை காட்டினாள். அவர் முகம் சுளித்தார்.

"இந்த வெளுத்த மூஞ்சிங்களா என் மருந்துக்கு சாட்சி?"

தட்டுத் தட்டாகத் தேடினார். உடம்பே கண்ணாடியாகிப் பொன்னிறத்தில் மினுமினுத்த சில புழுக்கள் அங்கங்கே ஒதுங்கியிருந்தன. அப்படி வாட்டசாட்டமாக ஓர் இருபதைத் தாமே பொறுக்கித் தனித் தட்டில் விட்டார்.

"அண்ணா, அதெல்லாம் வந்து..."

"நீ சும்மா இரும்மா. ஆளைப் பாத்தே எடை போடுறவன் நான்."

தங்கை கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விஞ்ஞானத்தைத் தாங்க எல்லாருக்கும் நெஞ்சுரம் வாய்ப்பதில்லை என்று கடைக்காரர் பரிதாபப்பட்டார். மருந்தடித்த இலையைப் புழுக்களின்மேல் பரப்பி, வலைபோட்டு மூடி, யாரும் தொடக் கூடாதென்று உத்தரவும் போட்டார்.

காலையில் தையற்காரர், பால்காரர், எதிர்வீட்டு அத்தை எல்லாரையும் கூட்டிவைத்து வலையைத் தூக்கினார். இருபதும் உயிரோடிருந்தன. இலையை விட்டுத் தட்டின் ஓரத்துக்கு ஏறித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. நன்றி சொல்லத் தெரிந்த ஜீவன்கள் என்று அவர் தட்டைப் பார்த்துக் கும்பிட்டார். பயந்தாங்கொள்ளிகளைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு, தோட்டத்தின் மறுபாதியை உடனே அறுத்து எல்லாத் தட்டுக்கும் போடும்படி கட்டளையிட்டார்.

யாரும் அரிவாளைத் தொடவில்லை.

"அது பழுத்த புழுண்ணா," என்றாள் தங்கை. "கூடு கட்டப் போற புழு. எந்த இலையையும் வாய் வெக்காது. பசிச்ச புழுவைத்தான் நான் காட்டினேன்."

கடைக்காரர் தட்டைக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் மெல்லிய நூல் ஓடத் தொடங்கியிருந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டது. முந்தின மாலையே போய்ப் பேசிவைத்து, விடிந்ததும் பறித்த, மருந்தே அடிக்காத பக்கத்துத் தோட்டத்து இலையைக் கட்டுக் கட்டாக இறக்கிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. உள்ளே பசித்த தட்டுகளுக்கெல்லாம் அது போனது.

"செத்துச்சா, சாகலையா? அதைச் சொல்லு," என்றார் கடைக்காரர்.

"சாகலைண்ணா."

அது போதும் அவருக்கு. கூடு கட்டி முடித்ததும், தட்டை இலையோடு அப்படியே வாங்கிப்போய், கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். 'நம் மருந்து அடித்த இலையோடு இரவெல்லாம் இருந்து பட்டு தந்த புழுக்கள்' என்று மேலே பலகை மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

இலையில் ஒரு கடிகூட இல்லை.