வெண்டெலுக்காக ஒரு ஜெபம்

ஆற்றங்கரை விடுதியின் பின்னறையில் வியாழன்தோறும் கூடும் அந்தக் குழுவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சட்டமன்ற உறுப்பினர்கள், போதகர்கள், தேர்தலுக்குக் கைகொடுக்கும் தொழிலதிபர்கள் என்று பதினோரு பேர். உள்ளே பேசுவது வெளியே போகாது. வெண்டெல் ஹாஸ்கின்ஸைச் சட்டமன்ற உறுப்பினர் ஆக்கியதே அந்த அறைதான்.

அன்று பிற்பகல் வாக்கெடுப்பு. திருச்சபைகள் நடத்தும் பிள்ளைகள் இல்லங்களில் அரசு ஆய்வு கூடாது என்கிற மசோதா. அப்படியோர் இல்லமான மலைப்பண்ணையில்தான் வெண்டெலின் மகன் எமெட் பதினைந்து வயதில் காய்ச்சலில் இறந்தான்.

"என்ன பிரதர், பிஸ்கட்டத் தொடவே இல்ல? ஓட்டுப் போடுற கைக்கு பலம் வேணாமா?" என்றார் பண்ணையின் தலைவர் ராய்ஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வெண்டெலை நடுவில் உட்காரவைத்தார்கள். தலையிலும் தோளிலும் கைகள் வந்து விழுந்தன. ராய்ஸ் ஜெபத்தைத் தொடங்கினார்.

"தகப்பனே, இந்தச் சகோதரன் மனசு தடுமாறுது. பண்ணையில சமைக்கிற வெர்னா அக்கா எழுதின கடிதம் அவர அலைக்கழிக்குது."

ஐந்து நாள் காய்ச்சலுக்கு ஒரு டாக்டரைக்கூடக் கூப்பிடவில்லை என்று வெர்னா எழுதியதை, வெண்டெல் இதே குழுவில் தன் ஜெபத் துணையான லைலிடம் மட்டுமே சொல்லியிருந்தான். இதுக்காக ஜெபம் பண்ணுப்பா என்று கேட்டிருந்தான். லைல் ஊரைக் கூட்டி ஜெபித்திருக்கிறான்.

"அந்த அக்காவுக்கும் இரங்கும், ஆண்டவரே. படுத்த படுக்கையா கெடக்கிற புருஷனோட அவங்க இருக்கிறதும் பண்ணை வீட்டுலதான்."

யாருக்காக ஜெபிக்கிறார்களோ அவர்தான் முடித்துவைக்க வேண்டும். அவர் ஆமென் சொல்லும்வரை ஒருவரும் கண் திறப்பதில்லை, குறுக்கே பேசுவதில்லை.

இப்போது வெண்டெலின் முறை.

"சொல்லு பிரதர்," என்றார் ராய்ஸ், காதருகில்.

"தகப்பனே... நான் எதிர்த்துதான் ஓட்டுப் போடப்போறேன். வெர்னாவயும் அவ புருஷனயும் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்."

ஒரு கை விலகியது. பிறகு இன்னொன்று. பிடரியில் இருந்த ராய்ஸின் கை மட்டும் அப்படியே இருந்தது. கட்டைவிரல் மெல்ல அழுந்தியது.

ஆமென் சொன்னால் அந்தக் கண்களைப் பார்க்க வேண்டும். அதற்கு அஞ்சியே அவன் ஜெபத்தை நீட்டினான். எமெட்டின் பெயரைச் சொன்னான். முதல் நாள் காய்ச்சலைச் சொன்னான். இரண்டாம் நாளுக்கு வந்தபோது கதவு திறந்து மூடியது. தாழ்வாரத்தில் லைலின் குரல்: "ஹலோ, பண்ணையா? சமையக்காரம்மா அங்க இருக்காங்களா?"

வெண்டெல் ஆமென் சொல்லாமலே எழுந்து ஓடினான். பண்ணைக்கு நாற்பது மைல்.