மெதுவாக ஓடுவதற்குக் கட்டணம்

ஓர் உலக சாம்பியனிடம் நான் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால், எங்கள் தீயணைப்பு நிலையத்தில் முதலில் சிரிப்பவன் என் மச்சான். சிரித்து முடித்ததும் மற்றவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, என்னைப் பார்த்தால் அப்படி. எனக்கு நாற்பத்தைந்து வயது. நான்கு மாடி ஏணி ஏறி இறங்கியதும் என்னிடமிருந்து வரும் சத்தத்தை வைத்து எனக்கு 'நீராவி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான். என் மனைவியின் தம்பி, எங்கள் வண்டியின் டிரைவர், வயது முப்பத்தி ஏழு. இந்த மூன்றில் கடைசிக் குற்றத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் வேலையில் வருடத்துக்கு ஒரு முறை ஓட்டத் தேர்வு உண்டு. நானூறு மீட்டர் மைதானத்தை ஆறு சுற்று, பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு வினாடி தாண்டினாலும் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வேலை போகாது. இரண்டாவது மாடியில் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது, அங்கே தொலைபேசி எடுக்கும் மேஜைக்கு மாற்றல். போன வருடம் பதினொன்று ஐம்பத்தொன்பதில் வந்து விழுந்தேன். அந்த ஒரு வினாடி ஆபீசர் போட்ட பிச்சை என்று மச்சான் இன்றுவரை சாதிக்கிறான். இந்த வருடம் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே, யாருக்கும் தெரியாமல் போய் ஓடிப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பது.

அந்தக் கட்டுப்பாட்டு அறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள் என் மனைவி. எங்கே தீ என்று கேட்டு, வண்டியை அனுப்பி, நாங்கள் திரும்பும்வரை ரேடியோவில் எங்களைப் பிடித்து வைத்திருப்பவள். நான் தேறாவிட்டால் அவளுக்குப் பக்கத்து மேஜை எனக்கு. வீட்டிலும் அவள், வேலையிலும் அவள் என்றால் நான் எந்த இடத்தில் போய்ப் பொய் சொல்வது என்று நிலையத்தில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரத்தில் அந்த உலக சாம்பியன் வந்தார். மலைச்சரிவு, பின்னால் சூரியன், ஒரு துளி வியர்வை இல்லாத முகம். "பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பாடம். என்னோடு ஓடுங்கள்" என்றார். விலை ஒரு ஜோடி நல்ல ஷூவைவிடக் கொஞ்சம் அதிகம். என் ஷூ ஏற்கெனவே நல்ல ஷூதான், கோளாறு அதற்குள் இருக்கும் ஆளிடம் என்று கணக்குப் போட்டுப் பணத்தைக் கட்டினேன்.

முதல் பாடத்தில் சாம்பியன் தன் சிறுவயதைச் சொன்னார். இரண்டாவதில் காலையில் என்ன குடிக்கிறார் என்று காட்டினார். மூன்றாவது பாடம் முழுக்க ஷூ. அந்த ஷூவை விற்கும் கம்பெனியின் பெயர் அவர் சட்டையில் இருந்தது. எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவது என் வழக்கம், வாழ்க்கையில் எதையும் அப்படித்தான் வீணாக்குகிறேன். நான்காவது பாடத்தில்தான் விஷயம் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் ஓட வேண்டும், அதில் நான்கு நாள் மெதுவாக. மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுபவரிடம் திணறாமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்.

மறுநாள் தண்ணீர் ஹோஸ்களை உலர்த்தக் கட்டிக்கொண்டிருக்கும்போது, தெரியாத்தனமாக இதை மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

"மாமா, வேகமா ஓட வரலன்னு தானே காசு கட்டினீங்க?"

"ஆமா."

"அவரு மெதுவா ஓடச் சொல்றாரு."

"ஆமா."

"அது உங்களுக்கு ஏற்கெனவே பிரமாதமா வருமே. நீங்க அவருக்கே கிளாஸ் எடுக்கலாம்."

"வாய மூடிட்டு ஹோஸப் புடி."

"புடிக்கறேன். நானெல்லாம் சும்மா ஓடறேன் மாமா. கால் இருக்கு, தரை இருக்கு, ஓசி."

மூன்று வாரம் சாம்பியன் சொன்னபடி ஓடினேன். காதில் இயர்போன், போனில் அவருடைய ஆப். கணீரென்று ஒரு மணி அடிக்கும், "தொடங்குங்கள்" என்று அவர் குரல் வரும், நான் தொடங்குவேன். மூன்று வாரம் முடிந்து கடிகாரத்தை வைத்து ஆறு சுற்று ஓடினேன். பதிமூன்று நிமிடம் ஐந்து வினாடி. காசு கட்டிப் பதினைந்து வினாடி பின்னால் போன ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பியன் நேரலையில் வந்தார். எங்களைப் போல முந்நூறு பேர் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. என் முறை வருவதற்குள் என் கோபம் ஆறி, சாப்பாடும் ஆறியிருந்தது. எனக்குப் பின்னால் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க சொன்னபடியே ஓடறேன். முன்னவிட மோசமாயிடுச்சு" என்றேன்.

"மெதுவான ஓட்டத்துல உங்களால பேச முடியுதா?"

"தாராளமா."

"பொய்" என்றாள் மனைவி. தலையணை உறையை உதறிக்கொண்டேதான் சொன்னாள். முந்நூறு கட்டங்களிலும் முகங்கள் நிமிர்ந்தன.

சாம்பியன் முதல் முறையாக விளம்பரத்தில் இல்லாத ஒரு சிரிப்பைச் சிரித்தார். "பின்னாடி இருக்கறது யாரு?"

"வீட்டுக்காரி."

"அவங்க உங்களோட ஓடட்டும். பேச முடியுதுன்னு அவங்க நம்பற வேகம்தான் உங்க வேகம்."

அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். மொத்தம் நாற்பது வினாடி.

மனைவிக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. ஆனால் அவள் ஓடத் தேவையில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. "போனக் காதுல மாட்டிக்குங்க. நான் வீட்டுல இருந்து கேக்கறேன்" என்றாள். புகைக்குள் போகும் ஆட்களின் மூச்சை ரேடியோவில் கேட்டே, யாருக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் என்று சொல்லுகிறவள். இரண்டு முறை ஆபீசர் சொல்வதற்கு முன்னாலேயே ஆட்களை வெளியே வரச் சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் அவள் சொன்னதுதான் சரி.

மறுநாள் காலை மைதானத்தில் நின்று அவளை அழைத்தேன். இணைப்பைத் துண்டிக்காமல் ஆப்பைத் தட்டினேன். மணி அடித்தது, கிளம்பினேன்.

"நில்லுங்க" என்றாள்.

நின்றேன். ஐம்பது மீட்டர்கூடத் தாண்டவில்லை.

"அது என்ன சத்தம்?"

"ஆப். ஆரம்பிக்கறதுக்கு ஒரு மணி அடிக்கும்."

காதில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. நடுவில் நிறுத்தத் தெரியாத சிரிப்பு.

"இருபத்தி ரெண்டு வருஷமா ஸ்டேஷன்ல மணி அடிச்சா உயிரக் குடுத்து ஓடற ஆளு நீங்க. தட்டுல கை வெச்சிருந்தாலும் ஓடுவீங்க. உங்களுக்குப் போய் மெதுவா ஓடுன்னு மணி அடிச்சுச் சொன்னா? முதல் பத்து அடியிலயே மூச்சு எப்படி வந்துச்சு தெரியுமா? தீக்குள்ள போற மாதிரி."

நின்ற இடத்திலேயே கால்களைப் பார்த்துக்கொண்டேன். தினமும் காலையில் மணி அடித்ததும் இவை இரண்டும் என்னைக் கேட்காமல் பாய்ந்திருக்கின்றன. மிச்ச ஓட்டம் முழுக்க, முதல் நிமிடத்தில் வாங்கிய அடியைத் தாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதைத்தான் மெதுவான ஓட்டம் என்று நினைத்திருக்கிறேன்.

"சாம்பியன் மேல தப்பில்ல. ஊர்ல மத்தவங்களுக்கு மணின்னா வெறும் மணி" என்றாள். "அத நிறுத்திட்டு நடங்க. நான் சொல்லும்போது ஓடுங்க."

அன்றிலிருந்து அவள் பேச, நான் ஓடினேன். பேசவைக்க என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் வேலையில் கேட்பதையே கேட்டாள்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கிழக்கு கேட்டுப் பக்கத்துல, தண்ணிக் குழாயத் தாண்டிட்டேன்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஒரு நாய் இருக்கு. என்னை முந்திப் போயிடுச்சு."

"வாக்கியம் நடுவுல உடையுது. இன்னும் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவாப் போனா நின்னுடுவேன்."

"நின்னா நில்லுங்க. பேசுங்க."

நாய் தினமும் முந்தியது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர்கூட ஒரு நாள் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து இரக்கப்பட்டார். அவள் பேச ஆரம்பித்த நான்காவது வாரத்தில் அந்தப் பெரியவரைத் தாண்டினேன், வாக்கியம் உடையாமல். வாரத்தில் ஒரு நாள் வேகமான ஓட்டம். அன்று மட்டும் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள்.

ஏழாவது வாரம் ஒரு மெதுவான ஓட்டத்தில், எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டாள். "ஏன் வண்டியிலயே இருக்கணும்னு இவ்வளவு பாடு படறீங்க? மேல வந்தா ஃபேன் இருக்கு, டீ இருக்கு. நானும் இருக்கேன்."

ஜோக்காக ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மெதுவாக ஓடும்போது ஒரு சிக்கல், மூச்சு தாராளமாக இருப்பதால் உண்மையும் வந்துவிடுகிறது.

"மேல உக்காந்தா, ஆட்கள அனுப்பிட்டுத் திரும்பி வருவாங்களான்னு காத்துட்டு இருக்கணும். உள்ள போறதுக்கு எனக்கு பயம் இல்ல. காத்துட்டு இருக்கறதுக்கு எனக்கு தைரியம் கிடையாது."

முழு வாக்கியம். எங்கும் உடையவில்லை.

ஒரு வளைவைத் தாண்டி, நேர்ப்பாதை முழுவதும் ஓடி, அடுத்த வளைவுக்கு வந்துவிட்டேன்.

"அதத்தான் பதினாறு வருஷமா நான் செஞ்சிட்டு இருக்கேன்" என்றாள்.

என் வேகம் தானாகக் கூடியிருக்க வேண்டும்.

"தோள இறக்குங்க. மூச்சு மேல போகுது" என்றாள். "தேறிடுங்க. பக்கத்து மேஜையில உங்களப் பாத்துட்டே நான் யாரையும் அனுப்ப முடியாது. நீங்க ரெண்டு கையையும் பிசைவீங்க."

தேர்வு நாளன்று அவளுக்குக் காலைப் பணி. இயர்போன் அனுமதி இல்லை. ஆபீசர் கையை இறக்கியதும் பதினான்கு பேர் பாய்ந்தார்கள். நான் பாயவில்லை. முதல் சுற்றில் கடைசி ஆள் நான்தான். "மாமா, தேர்வு இன்னைக்குத்தான்" என்று மச்சான் முன்னாலிருந்து கத்தினான். இரண்டாவது சுற்றிலும் கடைசிதான். மூன்றாவதில் இரண்டு பேர் என்னிடம் திரும்பி வந்தார்கள், அதாவது நான் அப்படியே இருந்தேன், அவர்கள் தளர்ந்தார்கள். ஐந்தாவதில் எட்டாவது இடத்தில் இருந்தேன். கடைசிச் சுற்றில்தான் கால்களுக்கு அனுமதி கொடுத்தேன். பதினொன்று நாற்பத்தெட்டு. ஆபீசர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார், இம்முறை பிச்சை போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மச்சான் பதினொன்று ஐந்தில் முடித்துவிட்டு, புல்லில் படுத்திருந்தான். ஓசியில்.

"ஒத்துக்கறேன், நல்லா ஓடினீங்க. ஆனா காசு தண்டம் தானே மாமா?"

"இல்லடா. பன்னிரண்டு பாடத்துல பதினொன்னு தண்டம். ஒன்னு போதும்."

"அந்த ஒன்ன மட்டும் சும்மா எங்கயாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கேன். ஆபீசர் சொல்லியிருக்காரு, உங்க அக்கா சொல்லியிருக்கா. சும்மா சொன்னதால மதிக்கல. உனக்கு அது வேண்டாம், உனக்குக் கால் சரியா இருக்கு. என்னை மாதிரி ஆளு வாங்கலாம். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி, நாம ஓடறதக் காது குடுத்துக் கேக்க ஒரு ஆள் இருக்கான்னு பாத்துக்கணும். சாம்பியனுக்கு முந்நூறு பேரு. அவருக்கு நம்ம மூச்செல்லாம் கேக்காது."

எல்லோரும் நிலையத்துக்குத் திரும்பியதும், குளிக்காமல்கூட இரண்டாவது மாடிக்கு ஏறினேன். மனைவி அழைப்பில் இருந்தாள். உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாவது மாடியில் புகை, உள்ளே ஒரு பெண், கதவின் கைப்பிடி சுடுகிறது என்று அவள் கேட்கும் கேள்விகளிலிருந்தே புரிந்தது. கதவைத் திறக்க வேண்டாம் என்றாள். ஈரத்துணியைக் கதவடியில் வைக்கச் சொன்னாள். ஜன்னல் பக்கம் போகச் சொன்னாள். குரல் ஒரே சீராக இருந்தது. மேஜைக்கு அடியில் அவள் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்ததை, பதினாறு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். என் கைகள் இரண்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி, "வண்டி இரண்டு, கிளம்பவும்" என்று முகவரியைச் சொன்னாள். பிறகு மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு?"

"பதினொன்னு நாப்பத்தெட்டு."

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? வண்டி ரெண்டு உங்களுது."

கதவைத் தாண்டி முதல் படியில் கால் வைக்கும்போது, அழைத்த பெண்ணிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஜன்னல்லயே இருங்கம்மா. ஆளு கிளம்பிட்டாரு. நல்லா ஓடற ஆளுதான்."