சைஃபுல்லா பெயருக்கு வந்த அழைப்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் பஜாரில் நான் வைத்திருக்கும் அச்சுக்கடைக்குப் போன செவ்வாய்க்கிழமை மழையில் நனைந்து வந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டது. பக்கத்துப் பழக்கடை அலாவுதீன் பாயின் மகள் சமீஹா. வயது இருபத்தேழு. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க தமயந்திக்கா. ஆனா எனக்குக் காட்டிட்டு எழுதுங்க" என்றாள். காட்டியதால் வந்த குழப்பமெல்லாம் கீழே அப்படியே கிடக்கிறது.

அவள் விசிட்டிங் கார்டு அடிக்க வந்திருந்தாள். மறு புதன்கிழமை பெங்களூரில் பெரிய தொழில்நுட்ப மாநாடு. எட்டாயிரம் பேர் கூடுவார்களாம். இருபது நிமிடம் மேடையில் பேச அழைத்திருக்கிறார்கள்.

"பேரு என்ன போட?"

"சமீ... இருங்கக்கா. சைஃபுல்லான்னு போடுங்க. இல்ல, இருங்க."

ஒரு மணி நேரம் இருந்தேன். மழை விட்டது. பெயர் வரவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேகங்கள் தவழும் மலையில் ஒரு சிறுபெண் கணினியோடு கனவு கண்டாள்' —

சமீஹா படித்துவிட்டு, "நான் கனவெல்லாம் காணலக்கா. பில்லு தப்பா வந்துச்சு. எரிச்சலா இருந்துச்சு" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'பெயர் என்பது என்ன? அது வெறும்' —

வெறும் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததையே சொல்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் அலாவுதீன் பாய் கடைக்கு பில் மெஷின் வாங்கினார். ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யாவுக்கு பில் போட்டால் எழுத்து கலைந்து வந்தது. 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. (நீங்களும் அப்படிப்பட்ட பில்லை எங்காவது வாங்கியிருப்பீர்கள்.) மூத்தவன் சைஃபுல்லா அப்போது மதுரையில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். இதைச் சரிசெய்ய ஒரு சின்ன நிரல் எழுதலாம் என்பது அவன் யோசனை. இணையத்தில் தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகப் போட்டான். நிரல் பாதிதான் வேலை செய்தது. இரண்டே மாதத்தில் அவனுக்கு ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. போய்விட்டான்.

மீதியை அவன் கணக்கிலேயே எழுதியவள் சமீஹா. பழம் எடை போட்டுக்கொண்டே எழுதினாள். ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர், யாழ்ப்பாணத்து மருந்துக்கடைக்காரர் என்று யார் யாரோ சந்தேகம் கேட்டு எழுதினார்கள். எல்லாருக்கும் பதில் போட்டாள். அவர்கள் அவளை 'ப்ரோ' என்று அழைத்தார்கள். ஆறு வருடமாக அவள் மறுக்கவில்லை.*

* ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். "மொதல்ல சோலி முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. அப்புறம் சொல்ல வெக்கமா போச்சு."

3

மாநாட்டு அழைப்பு, கணக்கில் இருந்த சைஃபுல்லா பெயருக்கு வந்தது. பேச வருபவரின் ஆதார் அட்டையில் உள்ள பெயரை வியாழக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் பழப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அவள் அத்தா அலாவுதீன் பாயும் கேட்டார்.

"சமீ, நானே லீவு போட்டு வர்றேன். நீ பேச வேண்டியதை எழுதிக் குடு. பேரும் என் பேருதானே?"

"கேள்வி கேப்பாங்கண்ணே. உனக்குத் தெரியாது."

"ரெண்டு நாள்ல படிச்சுக்கிறேன். அங்க வேலைக்கு ஆள் எடுக்குற கம்பெனியெல்லாம் வரும் சமீ. எனக்கு இந்தக் கிடங்கு போதும் போதும்னு ஆயிருச்சு."

அலாவுதீன் பாய் போனருகே குனிந்து, "ஏலே சைஃபு, வந்துரு. வெரசா டிக்கெட்டப் போடு" என்றார். மகன் ஊருக்கு வருகிறான் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது. சமீஹா போனை வைத்தாள்.

4

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். சைஃபுல்லாவைத் திருடனாக்கினேன். 'தங்கையின் உழைப்பைத் தின்ன வந்த' என்று ஒரு வரி. சமீஹாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவன் ஷார்ஜா போன வருசமே எனக்கு லேப்டாப் அனுப்பிட்டான்க்கா. அதுலதான் எல்லாம் எழுதுனேன். எங்க அண்ணனை இப்படியா எழுதுவீங்க?"

வரியை எடுத்துவிட்டேன். எடுத்ததும் கதை எனக்குப் பிடிபடாமல் போனது. கெட்டவன் இருந்தால் எனக்கு எளிது. இங்கே இருப்பவன் ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறவன்.

வியாழன் காலையில் என் கடையிலேயே பேசிப் பார்த்தாள். நான் கூட்டமாக நின்றேன். பதினைந்து நிமிடம் தங்குதடையில்லை. பிறகு கூட்டத்திலிருந்து கேட்பது போல நான் கேட்டேன்.

"இந்தக் கொம்பை சரி பண்ணினது யாருங்க?"

"நான்தான்" என்றாள். சொன்ன வேகத்தில் அவளே திடுக்கிட்டுப் போனாள். பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைப் போட்டேன். (குளிர்காலத்தில், கொடைக்கானலில்.)

அன்று மதியம் மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினாள். தொடங்கியவன் அண்ணன், ஆறு வருடமாகச் செய்தவள் நான், என் பெயர் சமீஹா. அனுப்பும் முன் அத்தாவிடம் படித்துக் காட்டினாள். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அனுப்பும்மா. அவன் பேரை மட்டும் எடுத்துராத" என்றார்.

சாயங்காலமே பதில் வந்தது: நீங்களே வந்து பேசுங்கள், அண்ணனுக்கும் ஒரு நுழைவுச்சீட்டு வைத்திருக்கிறோம். அதை அப்படியே சைஃபுல்லாவுக்கு அனுப்பினாள். அவன் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. பதிலில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. போன் போட்டாலும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை கார்டு அடித்தோம். அவள் பெயரில் ஐம்பது. "அவனுக்கும் ஐம்பது அடிங்கக்கா" என்றாள். இரண்டு கட்டுகளையும் பைக்குள் வைத்தாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறான். இன்னொன்றில் கேள்வி நேரத்தில் எழுந்து, 'சைஃபுல்லா நான்தான்' என்கிறான். இரண்டையும் நேற்று சமீஹாவிடம் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டாள்.

"முடிவை எழுதாதீங்கக்கா. எழுதிட்டீங்கன்னா மேடையில அதேதான் ஞாபகத்துல நிக்கும்."

ஆகவே எழுதவில்லை. இன்று திங்கட்கிழமை நடந்ததோடு நிறுத்துகிறேன்.

காலையில் வெள்ளனே திண்டுக்கல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு வந்தேன். அங்கிருந்து பெங்களூருக்கு மாறுவாள். பெருமாள்மலை தாண்டும்போது போன் செய்தாள்.

"அக்கா, அண்ணன் மெசேஜ் போட்டுருக்கான். படிக்கவா? 'லீவு கெடச்சுருச்சு. நேரா பெங்களூர் வர்றேன். நான் எந்த வாசல்ல நிக்கணும்?' அவ்ளோதான்க்கா. வேற ஒண்ணுமில்ல."

"எந்த வாசல்னா?"

"பேசுறவங்களுக்கு ஒரு வாசல். பாக்க வர்றவங்களுக்கு வேற வாசல். கோபமா கேக்குறானா, நெசமாவே தெரியாமக் கேக்குறானான்னு புரியலக்கா. என்ன பதில் போட?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் ஒரு வளைவில் திரும்ப, இணைப்பு துண்டானது. நல்லவேளை. 

வத்தலக்குண்டு போனதும் மறுபடி கூப்பிடுவாள். அதற்கு இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். இதுவரை எல்லாவற்றையும் படித்தவர் நீங்கள். அதற்குள் சொல்லுங்கள், அவன் எந்த வாசலில் நிற்கட்டும்?