நிமிடத்துக்கு நாற்பத்து மூன்று லிட்டர்

அணைப் பாதுகாப்பு இயக்குநரின் மேஜையில் தன் நாவலின் தட்டச்சுப் பிரதி கிடப்பதைக் கண்டதும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உட்காரும்மா. எழுதினவங்க பேரு போடல. ஒரு பதிப்பகத்தம்மா அனுப்பியிருக்காங்க. அறிவியல் சரியா இருக்கான்னு நான் பாத்துச் சொல்லணுமாம்."

பதிப்பாளர் அக்கா போன வாரம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "கதை பிரமாதம். அறிவியல்தான் எனக்குச் சுத்த சூனியம். விஷயம் தெரிஞ்ச பெரிய மனுஷர் ஒருத்தருக்கு அனுப்பியிருக்கேன்." யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அணைகளைப் பற்றி விஷயம் தெரிந்த பெரிய மனுஷர்கள் ஊரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்!

"வேற கிரகம். பனியில ஒரு மதில். பின்னால கடல். நல்ல கற்பனை." இயக்குநர் விரலை நனைத்துப் பக்கம் திருப்பினார். "மதிலடியில கசிவு. நிமிஷத்துக்குப் பதினெட்டு புள்ளி நாலு லிட்டர். அப்புறம் இருபத்தேழு புள்ளி ஒண்ணு. அப்புறம் நாப்பத்து மூணு புள்ளி ஏழு."

ஆறு மாதமாக மண் அணையின் அடிவார வாய்க்காலில் முழங்கால் நனைய நின்று அவள் அளந்த எண்கள் அவை. மூன்று அறிக்கைகள் கொடுத்தாள். மூன்றும் 'கருவியில் கோளாறு' என்ற குறிப்போடு திரும்பின. புதுக் கருவி பொருத்தினாள். தண்ணீர் கலங்கலாக வர ஆரம்பித்தது. அணை உள்ளுக்குள் மண்ணை இழந்துகொண்டிருந்தது.

வெளியே மூச்சு விட முடியாது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்தாள். அணைக்குக் கீழே முதல் தெருவில் இருந்த தங்கையிடம்கூட, "வீட்ட மாத்திக்கோயேன்டி" என்று மட்டும்தான் சொன்னாள். "ஏன்க்கா, உன் அணை ஒழுகுதா?" என்று சிரித்தாள் தங்கை.

மறுநாள் மதிய இடைவேளையில் நாவலைத் தொடங்கினாள். மனிதர்களுக்கு மூன்று கண் வைக்க முடிந்தது. சூரியனை நீலமாக்க முடிந்தது. அளவீட்டைப் பொய்யாக எழுத மட்டும் கை வரவில்லை.

"மாத்திடு," என்றார் இயக்குநர். "கதைதானே? நாப்பத்து மூணை நாலுன்னு போடு."

"நாலுன்னா மதில் உடையாது சார். கதையே நின்னுபோயிடும்."

"மாத்தலேன்னா உன் வேலை நின்னுபோயிடும். ரகசியத்த வெளியிட்டேன்னு நான் மேலிடத்துக்கு எழுதியாகணும்."

தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"எழுதுங்க சார். எது ரகசியம்னு எழுதுவீங்க? கோளாறான கருவி காட்டின எண்ணா?"

பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

"எண் நிஜம்னு எழுதினாத்தான் எம்மேல குத்தம். நிஜம்னா, மூணு அறிக்கையத் திருப்பினது யாருன்னு கேப்பாங்க."

"மிரட்டறியா?"

"பயந்துபோய் இருக்கேன் சார். இன்னிக்குக் காலையில ஐம்பத்திரண்டு."

"கதையில ஐம்பத்திரண்டு எங்க வருது?"

"கதையில இல்ல சார்."

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"மதகு அறையா? தண்ணி மட்டத்த மூணு மீட்டர் இறக்கு. ஒரேயடியா வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா, ஆனா இப்பவே தொடங்கு. மேலிடம் குதிச்சா என் தலையத்தான் உருட்டும், உனக்கென்ன? காரணமா? பராமரிப்புன்னு... வேண்டாம். கசிவுன்னே எழுது."

ரிசீவரை வைத்துவிட்டு, பிரதியோடு குத்தியிருந்த பதிப்பகத்தின் சீட்டை இழுத்தார். 'அறிவியல் சரியாக உள்ளதா?' என்று அச்சிட்ட கேள்விக்கு எதிரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அந்தக் கிரகத்தோட பேருதான் வாயில நுழையல," என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

அவள் எழுந்தாள். மட்டம் இறங்கி முடியும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கசிவை அளக்க வேண்டும்.