வெளியூர் வாசல்

"ஐயோ மாமா, அத புடுங்காதீங்க!"

பெர்சிஸ் கத்தி முடிப்பதற்குள் பிளக் ஜார்ஜ் மாமாவின் கையோடு வந்துவிட்டது. அலமாரியின் மேல்தட்டில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. அந்த இடத்தில் ஃப்ரீசர் பெட்டியின் ஒயரைச் செருகினார் மாமா. கூடத்தின் நடுவே அம்மா படுத்திருந்த கண்ணாடிப் பெட்டி ஒருமுறை குலுங்கி, உறும ஆரம்பித்தது.

"கரண்டு போய்ச்சு. இன்வெர்ட்டர் பாயிண்டு இது ஒண்ணுதான் இருக்குது. ரோஸ வெந்து போகச் சொல்றியா?"

"ஒரு வார்த்தை சொல்லிட்டு புடுங்கியிருக்கலாம் இல்ல? நானே ஒழுங்கா நிறுத்தியிருப்பேன்."

"பெத்தவ பொணமா கெடக்குறா. இவளுக்கு கம்ப்யூட்டரு பெருசாப் போச்சு." மாமா இதைப் பெர்சிஸிடம் சொல்லவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களிடம் சொன்னார். அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

பக்கத்து வீட்டு ஹெலன் அக்கா எழுந்து போய்த் தன் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்து கொடுத்தாள். பெர்சிஸ் கறுப்புப் பெட்டியை அதில் செருகினாள். ஹெலன் அக்காவும் ஷூ கம்பெனியில் தையல் லைன்காரி. அம்மாவுக்கு அடுத்த மெஷின். அலமாரியில் இருக்கிற பெட்டி யாருக்காக ஓடுகிறது என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த லைன் பெண்கள் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். பாத்ரூம் போக எத்தனை நிமிஷம், ஓவர்டைம் ஏன் ஏறவில்லை, இந்த மாதிரிப் பேச்சு. ஒருத்தியின் போன் சூப்பர்வைசர் கைக்குப் போனது. போட்டோவோடு, நம்பரோடு, எல்லாப் பெயரும் அவன் கையில். குரூப்பை ஆரம்பித்த ஜஹீருன்னிசாவை வேலை நேரத்திலேயே கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது லைன் முழுக்க எழுந்து நின்றது. ஒரே ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது அம்மா ரோஸுடையது. ஜஹீருன்னிசாவோடு ஒரே டப்பாவில் இருபது வருஷம் சாப்பிட்ட ரோஸ், தலையைத் தூக்கவில்லை. அப்போது பெர்சிஸ் பி.சி.ஏ. கடைசி வருஷம். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

அம்மா இதை வீட்டில் சொன்னதில்லை. ஹெலன் அக்கா சொல்லித்தான் தெரியும். தெரிந்த அன்று பெர்சிஸுக்கு வந்த கோபம், யார் மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை. கம்பெனி மேலா, அம்மா மேலா, தான் வாங்கப்போகிற டிகிரி மேலா. அந்தக் கோபத்தில்தான் பழைய மினி கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து, பெண்களுக்கென்று தனியாகச் சாட் சர்வர் ஒன்றைப் போட்டாள். யாருடைய கம்பெனியும் நடுவில் கிடையாது. பேச்செல்லாம் அந்த அரிசி டின் பக்கத்துப் பெட்டிக்குள். போன் நம்பர் தேவையில்லை, பெயர் போதும். கண்டிப்பாக ஒரு விதியும் போட்டாள்: யாரும் யாரிடமும் நம்பர் கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஒருமுறை பட்டது போதும்.

ஜஹீருன்னிசா பேர்ணாம்பட்டில் ஒரு சின்ன யூனிட்டுக்கு வேலைக்குப் போனாள். பழைய நம்பரையும் தூக்கிப்போட்டாள். அவளுடைய அக்கா மகன் ஃபைஸான் அங்கே இதேபோல் ஒரு சர்வர் போட்டான். பெர்சிஸின் ஆம்பூர் சர்வரும் பேர்ணாம்பட்டு சர்வரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இங்கே எழுதியது அங்கேயும் ஒரு பிரதியாக இருக்கும். ஒன்றைப் பிடுங்கினாலும் மற்றது பேசும். அதில் பெர்சிஸுக்கு ஒரு திமிர் இருந்தது. இருக்கட்டுமே.

சாட்டில் ஒரே ரூமில் இருந்தும் ரோஸும் ஜஹீருன்னிசாவும் ஒருத்திக்கொருத்தி ஒரு வார்த்தை எழுதிக்கொண்டதில்லை. போன வாரம்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மா போனைக் கேட்டாள். ரீசார்ஜ் போடாமல் சிம் எப்போதோ செத்துப்போன போன். பெர்சிஸின் ஹாட்ஸ்பாட்டில் சாட் மட்டும் ஓடும். ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அம்மா வாய்ஸ் மெசேஜ் பேசினாள்.

"ஜஹீரு. ஆஸ்பத்திரில இருக்கேன். வந்து பாத்துட்டுப் போயேன்."

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஃபைஸானிடம் கேட்கட்டுமா என்றாள் பெர்சிஸ்.

"வேணாம். கெஞ்சிக் கூப்புடுற எடத்துல நான் இல்ல. அவளா வரணும்." அம்மா அதன்பின்னும் போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். திரை மின்னும்போதெல்லாம் திரும்பினாள். ஒருநாள் திரும்புவதை நிறுத்திவிட்டாள். இன்று விடியற்காலை போய்விட்டாள். இருபது வருஷம் ஷூ ஒட்டுகிற சொல்யூஷனை முகர்ந்த நுரையீரல். சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தார் ஒரு டாக்டர்.

விடிந்ததும் பெர்சிஸ் எல்லா ரூமிலும் போட்டாள்: 'அம்மா இறந்துட்டாங்க. மூணு மணிக்கு அடக்கம்.' ஆம்பூர் பெண்கள் அழுது அழுது எழுதினார்கள். பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு எழுத்து இல்லை. சாவுக்குக்கூட இறங்காத மனசா? அதனால்தான் மாமா, "நேரத்த தள்ளலாமா, யாராச்சும் வர்றாங்களா?" என்று காலையில் கேட்டபோது அவள் வெடுக்கென்று சொன்னாள்: "யாரும் வரல. மூணு மணிக்கே எடுத்துடுங்க."

இப்போது மணி இரண்டுக்கு மேல். பெர்சிஸ் அடுப்படித் தரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திடீரென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் உள்ளே பேச்செல்லாம் சிதைந்து போகலாம். சரியாக எழுந்ததா என்று பார்க்க வேண்டும். எழுந்துவிட்டது. வழக்கம்போலப் பதிவுகளை ஓடவிட்டுப் பார்த்தாள். அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. பேர்ணாம்பட்டு சர்வர் கதவைத் தட்டுகிறது. சான்றிதழ் காலாவதி என்று திரும்பிப் போகிறது. மறுபடி தட்டுகிறது. திரும்பிப் போகிறது.



அவளுடைய சர்வருக்கு இரண்டு வாசல். ஆம்பூர் பெண்களின் போன்கள் நுழைவது ஒன்று. அதன் சான்றிதழ் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். மற்ற ஊர் சர்வர்கள் நுழைவது இன்னொன்று. அந்த வாசலுக்குப் புதுச் சான்றிதழை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள்தான் கையால் எடுத்து வைக்க வேண்டும். ஆரம்பத்தில் அவசரத்துக்கு அப்படிச் செய்தாள். அப்புறம் சரிபண்ணிக்கலாம் என்று விட்டாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் அது காலாவதியாகிவிட்டது. இங்கிருந்து போனதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து வந்தது ஒன்றும் உள்ளே வரவில்லை. அவள் குற்றத்தைச் சர்வரில் தேடவே இல்லை. மனுஷியிடம் தேடினாள்.

சரிசெய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு ஃபைலைக் காப்பி செய்து, ஒரு கட்டளையைத் தட்டினாள். பிறகு ரூமில் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பினாள். இந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தால் போதும். தேங்கியது தானாக வரும்.

ஃபிரிட்ஜ் மேல் இருந்த அம்மாவின் போன் ஒலித்தது. நிற்காமல் ஒலித்தது. கூடத்தில் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருகணம் தடுமாறினார்கள்.

"ரோஸ் போனுதான அது?" என்றாள் ஹெலன் அக்கா, நெஞ்சில் கைவைத்து.

பெர்சிஸ் அதை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்துக்கொண்டாள்.

"அடியே ரோஸு, இன்னாடி ஆச்சு உனக்கு? எந்த வார்டு? நாளைக்கே வர்றேன்."

"வார்டு நம்பர் போடுடி. அது இல்லாம உள்ள உட மாட்டாங்களாம்."

அடுத்ததில் பஸ் ஹாரன் சத்தம். "ஆஸ்பத்திரி கேட்டாண்டதான் நிக்கிறேன். ரோஸுன்னு கேட்டா, எந்த ரோஸும்மா, மாடிக்கு ஒரு ரோஸ் இருக்குதுன்றான். நீயும் பதில் போட மாட்ற. இன்னும் கோவமாடி? கோவப்பட வேண்டியவ நானு, தெரிஞ்சுக்கோ." கடைசியில் ஒரு சிரிப்பு. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

ஃபைஸானும் எழுதியிருந்தான். 'அக்கா, உங்க வெளி வாசல் சர்டிபிகேட் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, பாருங்க.' ஆறு தடவை எழுதியிருந்தான். கதவு சாத்தியிருக்கிறது என்பதை அந்தச் சாத்திய கதவின் வழியாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், பாவம். அவனுக்கு வேறு வழியில்லை. நம்பர் கேட்கக் கூடாது என்று விதி போட்டவள் அவள்.

கடைசிக் குரல், இன்றைக்கு வந்தது. பெர்சிஸுக்கு அவள் காலா, உருதில் சித்தி. "பெர்சிஸு, நான்தாம்மா ஜஹீரு காலா. எடுத்துடாதீங்க. பர்மிஷன் கேட்டோம், குடுக்கல. மெஷின விட்டு எழுந்து வந்துட்டோம். ஒம்போது பேரு. பஸ்ஸுக்கு நிக்கிறோம். எடுத்துடாதம்மா."

பெர்சிஸ் கூடத்துக்கு வந்தபோது பெட்டி தூக்குகிறவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமா, கொஞ்சம் நேரம் தள்ளணும்."

"இன்னா?"

"பேர்ணாம்பட்டுலேர்ந்து வர்றாங்க. அம்மாவோட ஃபிரண்டு."

"காலைல நான் கேட்டேனா இல்லியா? யாரும் வரலன்னு நீதான மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்ன? குழி வெட்டி வச்சிக்கினு ஆளுங்க நிக்கிறாங்க. பாஸ்டருக்கு அஞ்சு மணிக்கு பள்ளிகொண்டால வேற வேலை. படிச்சிட்டோம்ன்ற திமிருல ஆட்டி வெக்கிறியா எல்லாரையும்?"

"ஆமா, நான்தான் சொன்னேன். தப்பா சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னுது. ஆனா அவங்க வராம அம்மாவ தொட விட மாட்டேன்."

ஹெலன் அக்கா எழுந்து வந்து, பெர்சிஸை ஒட்டிப் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். "ஜஹீருவா? அவ வரட்டும், ஜார்ஜண்ணா. ரோஸுக்கு அது ஒண்ணுதான் பாக்கி."

பாஸ்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இன்னொரு பாட்டைத் தொடங்கினார்.

அவர்கள் வந்தபோது மணி நாலை நெருங்கியிருந்தது. நீல நிற கம்பெனி கோட்டைக் கழற்றாமலே ஒன்பது பேர். கோட்டெல்லாம் நூல் பிசிறு. சொந்தக்காரர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ஜஹீருன்னிசா நேராகத் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் குனிந்து பார்த்தாள்.

"பதிலே போடாமப் போய்ட்டியேடி. அவ்ளோ கோவமா?"

பெர்சிஸ் பக்கத்தில் முட்டி போட்டாள். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஃபைஸானுக்குத் தெரியும், ஆனால் அவன் சொல்ல மாட்டான்.

"காலா, அம்மாவுக்கு உங்க மெசேஜ் எதுவும் வரல. சர்வர்ல வெளியூர் வாசல நான் கவனிக்காம விட்டுட்டேன். அம்மா அனுப்புனது மட்டும் போச்சு. உங்களுது இப்பதான் வந்துச்சு."

ஜஹீருன்னிசா திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுகூட கேக்கலியா?"

"இல்ல காலா."

"நான் வரமாட்டேன்னு நெனச்சிக்கினேவா போனா?"

ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜஹீருன்னிசா பெர்சிஸின் முகத்தையே பார்த்தாள். அடிப்பாளோ என்று பெர்சிஸுக்குத் தோன்றியது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"எந்த வார்டு?"

"பி பிளாக். நாலாவது மாடி. ஜன்னல் பக்கத்து பெட்டு."

"பி பிளாக்கா." அவள் மெல்லத் தலையசைத்தாள். "அதுக்குக் கீழதான் அன்னிக்கு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்."

பெட்டி தூக்குகிறவர்கள் கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஜார்ஜ் மாமா நிலைப்படியில் குறுக்கே நின்றார்.

"டீ சொல்லியிருக்கேன். போய் குடிச்சிட்டு வாங்கப்பா."

"இப்பதாண்ணா குடிச்சோம்."

"இன்னொண்ணு குடிங்களேன். இன்னா கொள்ளையா போவுது?"

அவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போனார். உள்ளே, ஜஹீருன்னிசா கண்ணாடிமேல் கன்னத்தைச் சாய்த்து, உருதும் தமிழும் கலந்து, தணிந்த குரலில் ரோஸைத் திட்ட ஆரம்பித்தாள்.